பிள்ளைகளுக்குக் கோடிங்: கையைக் கட்டிக்கொள்ள வேண்டியவர் ஆசிரியர்தான்

மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கோடிங் சொல்லித்தர விரும்பும் ஆசிரியர்கள், தன்னார்வலர்கள், பெற்றோர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். மென்பொருள் துறையில் வேலை பார்த்த அனுபவம் தேவையில்லை. கணினியைக் கையாளத் தெரிய வேண்டும். ஒரு பிள்ளை யோசித்து முடிக்கும்வரை வாயையும் கையையும் அடக்கிக்கொள்ளத் தெரிய வேண்டும். முதலாவது ஒரு வாரத்தில் வந்துவிடும். இரண்டாவது எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

எங்கள் ஊர் நூலகத்தின் மாடியில் சனிக்கிழமைதோறும் வகுப்பு எடுக்கத் தொடங்கிய புதிதில், எந்தப் பிள்ளை திணறினாலும் ஓடிப்போய் மவுஸை வாங்கி நானே சரிசெய்து கொடுத்துவிடுவேன். வகுப்பு முடியும்போது பன்னிரண்டு பேரின் நிரலும், அதாவது கணினிக்கு எழுதிய கட்டளைத் தொகுப்பும், ஓடும். எனக்கும் மனநிறைவாக இருக்கும். அடுத்த சனிக்கிழமை அதையே மறுபடி செய்யச் சொன்னபோது இரண்டு பேருக்குத்தான் வந்தது. மற்றவர்கள் முந்தின வாரம் பார்த்துக்கொண்டிருந்தது என் கையை. அன்றிலிருந்து பிள்ளைகளின் மவுஸைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். கேள்வி கேட்பேன், திரையை விரலால் சுட்டுவேன், அதற்கு மேல் போவதில்லை. கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த ஒரு விதியின் மேல் நிற்பவை.

தொடங்குவதற்கு முன்

பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஆறு கணினி இருந்தால் அதுவே சரியான அளவு. ஆளுக்கொன்று தேவையில்லை. இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேசியாக வேண்டும். பேசும்போதுதான் யோசனை வெளியே வருகிறது. பழைய லேப்டாப் போதும். 2011இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ வாங்கியது சில வீடுகளில் பரண்மேல் கிடக்கும். எடுத்துத் துடைத்து, மென்பொருளை நிறுவி, ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். மிகவும் தள்ளாடினால் வேறு தேடிக்கொள்ளலாம்.

செலவு செய்ய வேண்டியது ஒன்றில்தான். கணினிக்கு ஒரு மவுஸ் கட்டாயம் வாங்குங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு லேப்டாப்பின் தொடுபலகையில் விரலை அழுத்திக்கொண்டே ஒரு பொருளை இழுத்துச் செல்வது பெரும்பாடு. அந்தப் பாட்டில் அரை வகுப்பு கரைந்துவிடும், பிள்ளை தனக்குக் கணினி வராது என்று முடிவுகட்டிவிடும்.

மென்பொருள், ஸ்கிராட்ச். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கி 2007இல் வெளியிட்டது. இலவசம். 8 முதல் 16 வயதுவரை உள்ளவர்களை மனத்தில் வைத்துச் செய்தது. 5 முதல் 7 வயதுவரை உள்ள சிறியவர்களுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர் என்று தனியே ஒன்று இருக்கிறது; அதில் எழுத்தே படிக்க வேண்டியதில்லை. ஸ்கிராட்ச்சை இணையத்தில் நேரடியாகவும் பயன்படுத்தலாம், கணினியில் இறக்கி நிறுவியும் பயன்படுத்தலாம். இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன். இணையம் அறுந்தாலும் வகுப்பு நிற்காது. சிறு பிள்ளைகளுக்குக் கணக்குத் தொடங்க மின்னஞ்சல், பிறந்த தேதி என்று எதையும் கொடுக்க வேண்டியதில்லை.

ஸ்கிராட்ச்சில் கட்டளைகளைத் தட்டச்சு செய்வதில்லை. வண்ண வண்ணக் கட்டைகளாக இருக்கும் கட்டளைகளை இழுத்து, ஒன்றின் கீழ் ஒன்றாகப் பொருத்த வேண்டும். நகர்த்துவது நீலம், தோற்றம் ஊதா, தொடங்கி வைப்பது மஞ்சள், கணக்குப் போடுவது பச்சை. கட்டைகளின் மேல் உள்ள ஆங்கிலச் சொற்களைக் கண்டு தமிழ்வழிப் பிள்ளைகள் மிரளுவார்கள் என்று முதலில் பயந்தேன். இந்த வழிகாட்டியில் உள்ள அத்தனைக்கும் முப்பது சொற்கள் போதும். நிறத்தோடு சேர்த்து அவற்றையும் தமிழ்ப் பொருளையும் ஒரு சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மூன்றாவது வாரம் அந்த சார்ட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

முதல் வகுப்பு: கணினியைத் திறக்காதீர்கள்

பிள்ளைகள் ஏமாற்றமாகப் பார்ப்பார்கள். பரவாயில்லை. ஒரு தண்ணீர் பாட்டிலை மேசைமேல் வையுங்கள். "நான் ஒரு ரோபோ. சொன்னதை மட்டும் செய்வேன். என்னைத் தண்ணீர் குடிக்க வையுங்கள். கட்டளைகளைத் தாளில் எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். முதல் தாளில் "பாட்டிலை எடு, தண்ணீரைக் குடி" என்று இரண்டே வரி இருக்கும். பாட்டிலை எடுங்கள், மூடியைத் திறக்காமலே வாயில் கவிழ்த்துக்கொண்டு நில்லுங்கள். சிரிப்பு அடங்கியதும் பாதிப் பேர் பென்சிலை எடுத்துத் தாளைத் திருத்துவார்கள். "மூடியைத் திற" என்று வரும். எந்தப் பக்கமாகத் திருக வேண்டும்? எத்தனை சுற்று? "மூடி கழன்று வரும்வரை இடதுபக்கம் திருகு" என்று ஒரு பிள்ளை எழுதிவிட்டால் அந்த வகுப்பின் வேலை முடிந்தது. 'ஒரு நிலை வரும்வரை திரும்பத் திரும்பச் செய்' என்பது நிரலாக்கத்தின் முதுகெலும்பு. அதைக் கணினி இல்லாமலே ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிட்டது.

மீதி நேரத்துக்குத் தரையில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம்போல ஐந்துக்கு ஐந்து கட்டம் போடுங்கள். ஒரு மூலையில் ஒரு பிள்ளை, எதிர்மூலையில் ஒரு செம்பு. இடையில் நான்கைந்து கட்டங்களில் செருப்பைப் போட்டு அடையுங்கள். முன்னே போ, இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு என்ற மூன்றே கட்டளைகள். முழுவதையும் முதலில் எழுதி முடித்த பிறகுதான் நடக்க வேண்டும். நடுவில் திருத்தக் கூடாது. தவறான கட்டத்தில் போய் நின்றால், எந்த வரியில் பிசகியது என்று தாளில் தேட வேண்டும். இந்தத் தேடலைத்தான் பிழைதிருத்தம் என்கிறோம். பிள்ளைகளிடம் அந்தச் சொல்லை அப்போதே சொல்லிவிடுங்கள். பிழை என்பது திட்டு வாங்கும் விஷயமல்ல, தேடிப் பிடிக்கும் விஷயம் என்று முதல் நாளே பதிந்துவிட வேண்டும்.

இரண்டாவது வகுப்பு: பூனையோடு பழக்கம்

ஸ்கிராட்ச்சைத் திறந்தால் ஒரு பூனை நிற்கும். அதை நடக்கவிடட்டும், பேசவிடட்டும், நிறம் மாற்றட்டும். முதல் அரைமணி நேரம் எதுவும் சொல்லித்தராதீர்கள். பச்சைக் கொடியை அழுத்தினால் ஓடும், சிவப்பை அழுத்தினால் நிற்கும் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

பிறகு ஒரே ஒரு பழக்கத்தைக் கொண்டுவாருங்கள்: கொடியை அழுத்துவதற்கு முன் என்ன நடக்கும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் அழுத்தக் கூடாது. சொன்னதும் நடந்ததும் வேறுபட்டால் அங்கேதான் பாடம் இருக்கிறது. என் வகுப்பில் நான் விட்டுக்கொடுக்காத ஒழுங்கு இது ஒன்றுதான்.

இன்னொன்றையும் அன்றே தொடங்குங்கள். இருவரில் ஒருவர் மவுஸைப் பிடிக்க வேண்டும், மற்றவர் சொல்ல வேண்டும்; பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். போனில் அலாரம் வைத்துவிடுங்கள். மாற்றத்தைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கு விட்டால், பையனும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்த கணினியில் மவுஸ் பெரும்பாலும் பையன் கையிலேயே தங்கிவிடுகிறது. அந்தப் பெண் பிள்ளை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்கும், நமக்கும் கண்ணில் படாது. அலாரம் இதைத் தீர்த்துவிடுகிறது.

மூன்றாவது, நான்காவது வகுப்பு: சதுரமும் மூடாத முக்கோணமும்

இங்கே அவசரப்படாதீர்கள். திரையின் இடது கீழ் மூலையில் உள்ள பொத்தானை அழுத்தினால் கூடுதல் கட்டைகள் வரும். அதில் பேனாவைத் தேர்ந்தெடுங்கள். இனி பூனை போகும் இடமெல்லாம் கோடு விழும். சதுரம் வரையச் சொல்லுங்கள். 100 அடி போ, 90 பாகை திரும்பு. 100 அடி போ, 90 பாகை திரும்பு. எட்டுக் கட்டைகளை அடுக்கி முடித்ததும் யாராவது ஒரு பிள்ளை அலுத்துக்கொள்ளும்: "அக்கா, ஒன்றையே நாலு தடவை வைக்க வேண்டியிருக்கிறது." அந்த அலுப்புக்காகக் காத்திருங்கள். அதற்குப் பிறகுதான் 'திரும்பச் செய்' கட்டையைக் காட்ட வேண்டும். முன்கூட்டியே காட்டினால் அது இன்னொரு கட்டை. அலுத்த பிறகு காட்டினால் கைக்கு வந்த ஆயுதம்.

அடுத்து முக்கோணம். கணக்கில் கெட்டிக்காரியான ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று படித்திருந்தாள். 'மூன்று முறை: 100 அடி போ, 60 பாகை திரும்பு' என்று அடுக்கினாள். "முக்கோணம் வரும்" என்று உறுதியாகச் சொல்லிவிட்டுக் கொடியை அழுத்தினாள். திரையில் வந்தது பாதி திறந்த கிண்ணம்போல் ஒன்று. "அக்கா, முக்கோணம் மூடமாட்டேன் என்கிறது." கட்டைகளை மறுபடி எண்ணிப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள். அதே கிண்ணம்.

எனக்குக் கை பரபரத்தது. 60ஐ அழித்து 120 என்று போட ஒரு நொடி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "தரையில் ஒரு முக்கோணம் வரைந்து நீயே பூனையாக நடந்து பார்" என்றேன். சாக்பீஸால் வரைந்தாள். ஒரு பக்கம் நடந்து மூலைக்கு வந்தாள். அடுத்த பக்கத்தை நோக்கித் திரும்பினாள். நின்றாள். மறுபடி பழைய திசைக்குத் திரும்பி, மெதுவாகப் பாதத்தைச் சுழற்றிப் பார்த்தாள். "60 உள்ளே இருக்கிறது. நான் திரும்புவது வெளியே." தானே 180இலிருந்து 60ஐக் கழித்தாள். ஓடிப்போய் 120 என்று போட்டாள். முக்கோணம் மூடிக்கொண்டது.

பூனையின் இடத்தில் பிள்ளையை நிறுத்தும் இந்த உத்தி பழையது. 1967இல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபொயர்ஸெய்க் ஆகியோர் குழந்தைகளுக்காக லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். அந்த மொழியில் கட்டளைக்கேற்ப ஓர் ஆமை நகர்ந்து படம் வரையும். ஆமை புரியாமல் போனால் குழந்தை தன் உடம்பாலேயே ஆமையாக மாறி நடந்து பார்க்கலாம் என்பதைப் பேப்பர்ட் வலியுறுத்தினார். ஸ்கிராட்ச் பூனை அந்த ஆமையின் வழிவந்தது.

முக்கோணத்துக்கு 120, சதுரத்துக்கு 90. ஐங்கோணத்துக்கு? பிள்ளைகள் 80, 70 என்று போட்டுப் பார்ப்பார்கள், 72இல் மூடும். அறுகோணத்துக்கு 60. இந்தச் சிறுமியின் கிண்ணம் பாதி அறுகோணம் என்பது அப்போது தெரியவரும். கண்டதை எல்லாம் ஒரு பட்டியலாக எழுதச் சொல்லுங்கள். பக்க எண்ணிக்கையையும் திரும்பும் பாகையையும் பெருக்கினால் எப்போதும் 360 என்பதை யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். வகுப்பே எழுந்து நிற்கும். ஏழு பக்கம் கேளுங்கள். 360ஐ ஏழால் வகுத்தால் மீதி வரும். அங்கேதான் பச்சை நிற வகுத்தல் கட்டையை அறிமுகப்படுத்த வேண்டும்: கணக்கை நாம் போடாமல் கணினியையே போடச் சொல்லலாம்.

நான்காவது வகுப்பின் முடிவில் 'எனது கட்டைகள்' பகுதியைக் காட்டுங்கள். அதில் புதிய கட்டளையைப் பிள்ளைகளே உருவாக்கித் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'சதுரம் வரை' என்று ஒரு கட்டை, தான் வைத்த பெயரோடு, கணினி கேட்டு நடக்கும் கட்டளையாக நிற்கும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

ஐந்தாவது வகுப்பு: புள்ளிக் கோலம்

மார்கழி மாதத்தில் வார இதழ்களில் வரும் கோலத்தின் கீழே "15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஓர் அம்மா வாசலில் 169 புள்ளிகளைச் சரியாக வைத்துவிடுவார். நடுவரிசையில் 15, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8. இதுவும் நிரல்தான். பிள்ளைகளிடம் அப்படியே சொல்லுங்கள். வீட்டில் கோலம் போடுபவரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். கோலத்தைக் கணினியியல் கண்ணோடு பார்ப்பது நாம் புதிதாக இட்டுக்கட்டியதல்ல. தாம்பரம் சென்னை கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து கோலங்களின் இலக்கணத்தை ஆராய்ந்து 1974லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள்.

வகுப்பில் ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளியோடு தொடங்குங்கள். ஸ்கிராட்ச் திரை 480 அகலம், 360 உயரம், நடுப்புள்ளி பூஜ்யம். பூனையை மறைத்துவிட்டு, பேனாவைத் தடிமனாக்கி, இடமிருந்து வலம் −80, மேலே 80 என்ற இடத்தில் நிறுத்துங்கள். பேனாவை ஊன்று, எடு, 40 தள்ளிப் போ. இதை ஐந்து முறை செய்தால் ஒரு வரிசை. அந்த வரிசையை ஐந்து முறை செய்தால் கோலம். திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் கட்டையை மடக்கு என்பார்கள்; இது மடக்குக்குள் மடக்கு. பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வரிசை முடிந்ததும் பூனையைத் தொடக்க இடத்துக்குத் திரும்பக் கொண்டுவர மறந்துவிடுவார்கள். இரண்டாம் வரிசை, முதல் வரிசை முடிந்த இடத்திலிருந்து தொடங்கி வலது ஓரத்தில் போய் முட்டும். "வாசலில் அம்மா அடுத்த வரிசைக்கு எங்கே நகர்வார்?" என்று மட்டும் கேளுங்கள். இடைப்புள்ளி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுவேலை. வரிசைக்கு வரிசை எண்ணிக்கை மாறுவதால், மாறும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளும் 'மாறி' அங்கே தேவைப்படும்.

ஆறாவதிலிருந்து எட்டாவது வகுப்புவரை: மாங்காய் பிடிக்கும் விளையாட்டு

பிள்ளைகள் இதற்குத்தான் வந்திருப்பார்கள். மேலிருந்து மாங்காய் விழ வேண்டும். கீழே கூடையை இடது வலது அம்புக்குறி விசைகளால் நகர்த்திப் பிடிக்க வேண்டும். பிடித்தால் ஒரு மதிப்பெண். படங்களைப் பிள்ளைகளே வரையட்டும், கோணலாக இருந்தாலும் சரி. 'மதிப்பெண்' என்ற மாறியையும் தமிழிலேயே உருவாக்கட்டும்.

மூன்று பிழைகள் தவறாமல் வரும். அவற்றைத் தடுக்க முயலாதீர்கள், எதிர்பார்த்திருங்கள்.

கூடையைத் தொட்டால் மதிப்பெண் கூட்டு என்று வைத்திருப்பார்கள், ஆனால் எதுவும் நடக்காது. 'தொட்டால்' என்ற கட்டை மடக்குக்கு வெளியே இருக்கும். கணினி அதை விளையாட்டின் தொடக்கத்தில் ஒரே முறை பார்த்துவிட்டுப் போய்விட்டது. "பேருந்து வந்துவிட்டதா என்று ஒரே ஒரு முறை எட்டிப்பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டால் பேருந்தைப் பிடிக்க முடியுமா?" என்று கேட்டால் போதும். எப்போதும் சுற்றும் மடக்குக்குள் அந்தக் கட்டையைத் தாங்களே தூக்கி வைப்பார்கள்.

வைத்த பிறகு ஒரு மாங்காய்க்கு மதிப்பெண் 1க்குப் பதில் 15, 20 என்று தாவும். கூடையைத் தொட்டுக்கொண்டே இருக்கும் ஒவ்வொரு சுற்றிலும் கணினி ஒன்று கூட்டுகிறது. சில பிள்ளைகள் இதைப் பிழை என்றே ஒத்துக்கொள்ளமாட்டார்கள், மதிப்பெண் ஏறினால் மகிழ்ச்சிதானே. பக்கத்துக் கணினியோடு போட்டி வைத்தால் நியாயம் கேட்டு வருவார்கள். மாங்காய் தொட்டவுடன் அதை மேலே அனுப்பிவிட வேண்டும் என்பது தீர்வு. அதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாவது, இரண்டாம் முறை ஆடும்போது பழைய மதிப்பெண்ணிலேயே தொடரும். கொடியை அழுத்தியதும் மதிப்பெண்ணைப் பூஜ்யமாக்க யாரும் சொல்லவில்லை. கணினி தானாக எதையும் மறப்பதில்லை.

இவற்றில் ஒரு பிள்ளை பத்து நிமிடத்துக்கு மேல் மாட்டிக்கொண்டு கண் கலங்கும் நிலைக்கு வந்தால், விட்டுப்பார்க்கலாம் என்று நிற்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். நிரலை மேலிருந்து கீழே வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பாதி வாசிப்பிலேயே "ஐயோ" என்ற சத்தம் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் எந்த வரியில் பிழை என்று காட்டுங்கள். என்ன பிழை என்று சொல்லாதீர்கள். மவுஸ் அப்போதும் பிள்ளையின் கையில்தான்.

ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் பிள்ளையின் பெயரில் உள்ள அடைவில் (ஃபோல்டரில்) சேமித்து, ஒரு பென் டிரைவிலும் படியெடுத்துவிடுங்கள். மின்வெட்டில் இரண்டு வார உழைப்பைத் தொலைத்த பிள்ளையை ஒருமுறை பார்த்தவர்கள் இதை மறக்கமாட்டார்கள்.

எழுத்து மொழிக்கு எப்போது போவது?

ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலர் "கட்டையை இழுப்பதைவிட எழுதிவிடலாம்" என்று சொல்லத் தொடங்குவார்கள். அதுவே சரியான நேரம். அதற்கு முன் தள்ளினால் ஒற்றை அடைப்புக்குறி விட்டுப்போனதற்காக அரைமணி நேரம் அழுவார்கள். பைத்தான் மொழியை நிறுவினால் அதோடு ஆமையும் சேர்ந்து வரும். ஸ்கிராட்ச்சில் வரைந்த அதே சதுரத்தை, அதே 360 விதியை அங்கே எழுதிப் பார்க்கலாம். பழைய பாடத்தைப் புதிய மொழியில் சொல்வதால் பயம் வராது. பைத்தானின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலம்தான். ஆனால் மாறிகளுக்கும் பிள்ளைகள் தாங்களே உருவாக்கும் கட்டளைகளுக்கும் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம். 'மதிப்பெண்' அங்கேயும் 'மதிப்பெண்'தான். கட்டளைச் சொற்களும் தமிழிலேயே வேண்டும் என்பவர்களுக்கு முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற நிரல்மொழி இருக்கிறது.

இந்த வயதில் சிலர் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு நிரலை வாங்கி ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். கடிந்துகொள்ள வேண்டாம். பக்கத்து மாணவனுக்கு விளக்க முடியாத வரி நிரலில் இருக்கக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள். விளக்கச் சொல்லுங்கள். திணறும் வரியை அவர்களே அழித்துவிட்டு, தெரிந்ததைப் போடுகிறார்கள்.

பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இதைப் படித்தால் ஐ.டி. வேலை கிடைக்குமா?" பத்து வயதுப் பிள்ளையை வைத்து யாருக்கும் வேலை உறுதி கொடுக்காதீர்கள். கணக்கில் கோணம் எப்படி விளங்கியது, பிழையை எப்படித் தேடினாள் என்று பிள்ளையையே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

கடைசி வகுப்புக்குப் பெற்றோரையும் அழையுங்கள். வெறுமனே நிரலை ஓட்டிக் காட்டினால் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு பிள்ளையும் தன் விளையாட்டில் வேண்டுமென்றே ஒரு பிழையை ஒளித்து வைக்கட்டும். அம்மாவோ அப்பாவோ தாத்தாவோ கணினி முன் உட்கார்ந்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளை பின்னால் நிற்க வேண்டும். கேள்வி கேட்கலாம், திரையைச் சுட்டலாம், மவுஸை மட்டும் தொடக் கூடாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "பாட்டி, மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள்" என்று அவர்கள் சொல்லிக்கொடுக்கும்போது நீங்கள் பக்கத்து அறையில் தேநீர் போடப் போகலாம்.